வராத புத்தகத்தை வாசித்த ஊர்

வெள்ளைத்துறைக் கிளை நூலகத்தின் கதைப் புத்தக அலமாரியில், மூன்றாவது தட்டில், ஜூலை மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஓர் இடைவெளி வந்து உட்கார்ந்தது. இரண்டு விரல் அகலமும் இருபத்தொரு சென்டிமீட்டர் உயரமும் கொண்ட அந்த இடைவெளிக்குள் பக்கத்துப் புத்தகங்கள் சாயவில்லை, தூசி அடையவில்லை, வேறொரு புத்தகத்தைக் கொண்டுவந்து செருகினால் உள்ளே போகவுமில்லை. ஆள் உட்கார்ந்திருக்கிற பஸ் சீட்டைப் போல அது நிறைந்தே இருந்தது. நூலகர் அமலோற்பவம், ஊருக்கு அமலியக்கா, ஸ்கேலை வைத்து அளந்து பார்த்து, உயரம் சரியாகத்தான் இருக்கிறது என்று தொழில் புத்தியில் முதலில் ஒரு திருப்தியும், அடுத்த நொடியே ஒரு பயமும் கொண்டாள்.

அவள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் அவள் தூசி தட்டத்தான் சம்பளம் வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் புத்தகம் போடுகிற நாலைந்து பதிப்பகத்தார், ஒரு புத்தகம் அச்சுக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு படிவத்தை நிரப்பி அவளுக்கு அனுப்பிவிடுவார்கள். தலைப்பு இன்னது, எழுதியவர் இன்னார், உத்தேசமாக இத்தனை பக்கம், உயரம் இவ்வளவு, வெளிவரும் நாள் இது, கதைச் சுருக்கம் நாலு வரி. அமலி அதைப் படித்து, இது எந்த வகை, என்ன எண், எதைத் தேடுகிறவர்களுக்கு இது கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்து திருப்பி அனுப்புவாள், பதிப்பகத்தார் அதைப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடிப்பார்கள், ஒருவரும் அதைப் படிக்க மாட்டார்கள். அதனால் என்ன, புத்தகம் வருமுன்பே அதன் விவரம் எல்லா நூலகங்களுக்கும் போய்ச் சேர்ந்து, இப்படி ஒன்று வரப்போகிறது, இடம் ஒதுக்கி வையுங்கள் என்று சொல்லிவிடும். மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கிறார்களே, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று, இதுவும் அது மாதிரிதான் என்று பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அமலி சொல்வாள். சொல்லி முடித்ததும், இதை ஏன் சொன்னோம் என்று தன்னையே நொந்துகொள்வாள்.

இந்த வேலையில் விதிகள் நூறு இருந்தாலும் தலையாய விதி ஒன்றுதான். விவரம் எத்தனை முன்னால் வந்தாலும் வரட்டும், புத்தகம் கைக்கு வந்து, தடவிப் பார்த்து, பக்கத்தை எண்ணிப் பார்க்காமல் அதற்குச் சேர்க்கை எண் போடக் கூடாது. போட்ட எண்ணை அடிக்கவும் முடியாது, வேறு புத்தகத்துக்குக் கொடுக்கவும் முடியாது. இருபது வருஷ வேலையில் இந்த விதியை அமலி ஒரே ஒரு தடவை மீறினாள், அதுவும் தன் சொந்தப் புத்தகத்துக்காக.

நாலு வருஷமாக யாருக்கும் தெரியாமல் அவள் ஒரு நாவல் எழுதினாள். கணவர் சரக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பத்து மாதம் கடலில், அதனால் சாயங்காலம் முழுக்க அவளுடையது. எழுதியதைத் துலங்கல் பதிப்பகம் நமச்சிவாய அண்ணாச்சிக்கு அனுப்பினாள், பெயர் மட்டும் அலைவாணன் என்று போடச் சொன்னாள். ஆம்பளைப் பெயர் என்றால் ஊரில் யாரும் தன்னைச் சந்தேகிக்க மாட்டார்கள் என்று கணக்கு. அண்ணாச்சி படிவத்தை நிரப்பி, வேறு யாருக்கு அனுப்புவார், அவளுக்கே அனுப்பினார். ‘மூன்றாம் ஓலை, நாவல், 184 பக்கம், 21 செ.மீ., வெளிவரும் நாள் ஜூலை மாத முதல் செவ்வாய்’ என்று தன் புத்தகத்தின் விவரம் தன் மேஜைக்கே வந்ததைப் பார்த்த மகிழ்ச்சியில், பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அவசரத்தில், வகை போட்டு, எண் போட்டு, கை தானாகச் சேர்க்கைப் பதிவேட்டையும் திறந்து 14,306 என்று ஊதா மையில் எழுதிவிட்டது.

பத்து நாள் கழித்து அச்சுப் பிரதி திருத்தத்துக்கு வந்தது. கையெழுத்தில் இருந்தபோது தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டது போல இருந்த கதை, அச்செழுத்தில் பார்த்தபோது மைக் வைத்துக் கத்துவது போல இருந்தது. அமலி அண்ணாச்சிக்குப் போன் போட்டு, ‘வேண்டாம், நிறுத்திருங்க’ என்றாள், அவர் ஏன் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். இருந்த பிரதிகளை எல்லாம் வாளித் தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டு, கூழாக்கி, கொல்லையில் குழி வெட்டி மூடினாள். ஆனால் பதிவேட்டில் எண் இருந்தது. சொன்ன நாளில், சொன்ன உயரத்தில், சொன்ன தடிமனில், வராத புத்தகம் வந்து அலமாரியில் அமர்ந்துகொண்டது.

அந்த நாவலில் இருந்தது இதுதான். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் அமலியின் உயிர்ச் சிநேகிதி ரீத்தம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வெளியூர் மாப்பிள்ளை, கப்பல் மெக்கானிக், முதல் ஓலை வாசித்தார்கள், இரண்டாம் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அமலி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, பெண்ணுக்கு வலிப்பு உண்டு, மறைத்துக் கட்டி வைக்கிறார்கள், விசாரித்துக்கொள்ளவும் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போட்டாள். ரீத்தாவுக்கு வலிப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அவள் வேறு ஊருக்குப் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்ற ஒரு பயம்தான், அதற்கு வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக நாலு வருஷம் எழுதியும் அமலியால் முடியவில்லை. மூன்றாம் ஓலை வாசிக்கப்படவே இல்லை. ரீத்தாவுக்கு அதற்குப் பிறகு வரனும் தகையவில்லை. ஒரு தையல் மெஷினோடு, நூலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, அதே வீட்டில் இருந்தாள், தினமும் நாலு மணிக்கு நூலகத்துக்கு வந்து அமலியோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போவாள். கேட்டது கிடைத்துவிட்டது, கிடைத்த நாளிலிருந்து அது அமலியின் தொண்டையில் மீன்முள்ளாகக் கிடந்தது.

இடைவெளி வந்த மூன்றாம் நாள் அதை முதலில் எடுத்தவர் கஸ்பார் அண்ணன், கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர், வாயைத் திறந்தால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். அவர் கையை நீட்டி இழுத்தார், இடைவெளி அவர் கையோடு வந்தது, பக்கத்துப் புத்தகங்கள் ‘பொத்’தென்று ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அந்த இடத்தை மூடிக்கொண்டன. விரல்களை வளைத்து, ஒன்றுமில்லாததை ஒன்று போலப் பிடித்துக்கொண்டு அவர் மேஜைக்கு வந்தார்.

“இதப் பதிஞ்சு குடும்மா.”

“என்னண்ணே இது?”

“என்னன்னு என்னியக் கேக்க? புதுப் புத்தகம். நீதான வச்சிருக்க. எழுத்துத்தான் கொஞ்சம் பொடிசா இருக்கு.”

அமலி வேறு வழியில்லாமல் தேதி முத்திரையை எடுத்து அவர் கைக்கு மேலே காற்றில் குத்தினாள். ‘டொக்’கென்று காகிதத்தில் பட்ட சத்தம் கேட்டது, முத்திரையிலிருந்த மை குறைந்திருந்தது. அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிளில் போனார்.

அதிலிருந்து வெள்ளைத்துறை அந்தப் புத்தகத்தை, வேறு எந்தப் புத்தகத்தையும் எப்படி வைத்துக்கொள்ளுமோ அப்படியே வைத்துக்கொண்டது. அலமாரியில் இடைவெளி இருந்தால் புத்தகம் இருக்கிறது, இடைவெளி இல்லையென்றால் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்பது ஒரே வாரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைக்கும் தெரிந்துபோயிற்று. ஐஸ் கம்பெனிப் பெண்கள் அதைப் பாலிதீன் பையில் போட்டு எடுத்துப் போனார்கள், மழை நாளில் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்கள்; வலை பின்னுகிற இடத்தில் ஒருத்தி வாசிக்க நாலு பேர் கேட்டார்கள்; சந்தியாகு வாத்தியார் அதில் பென்சிலால் கோடு போட்டுவிட்டார் என்று அடுத்து எடுத்த மருந்துக்கடை ஜெசிந்தா வந்து சண்டை பிடித்தாள், வாத்தியார் தான் கோடு போட்டது இரண்டே இடத்தில்தான் என்றும் மீதியெல்லாம் அதற்கு முன்பே இருந்தது என்றும் சத்தியம் செய்தார். டீயைக் கொட்டி நாற்பதாம் பக்கத்தையும் நாற்பத்தொன்றாம் பக்கத்தையும் ஒட்ட வைத்தவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. முன்பதிவு நோட்டில் ஒரே சமயத்தில் பத்தொன்பது பெயர் காத்திருந்தது. அடுத்த ஊரிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து, உறுப்பினர் ஆகாமல் இங்கேயே உட்கார்ந்து படிக்கலாமா என்று கேட்டு, மூன்று நாள் தொடர்ந்து வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து வெறுங்கையில் பக்கம் புரட்டிவிட்டுப் போனார். இப்படி ஒரு காரியம் நடக்குமா என்று எவரும் கேட்கவில்லை. இன்னும் ஒரு பிரதி வாங்கிப் போடக் கூடாதா என்றுதான் கேட்டார்கள்.

ஊரில் அதைப் படிக்க முடியாத ஒரே ஆள் அமலிதான். கூட்டம் இல்லாத நேரத்தில் அவள் கையை விட்டுத் துழாவினாள், விரல் நேரே போய் அலமாரியின் பின்பலகையில் முட்டியது; கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பார்த்தாள், கையைக் கழுவித் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள், ஒரு தடவை மாதாவை வேண்டிக்கொண்டும் எடுத்துப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. தான் கூழாக்கிப் புதைத்ததைத்தான் அவர்கள் படிக்கிறார்களா, அல்லது தலைப்பு மட்டும் அதுவாக, உள்ளே வேறு ஏதோ கதை இருக்கிறதா? யாரைக் கேட்பது? நூலகர் படிக்காமலா அலமாரியில் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அவளிடம் யாரும் கதையைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் தாங்க முடியாமல் கஸ்பார் அண்ணனிடம், “கதை எப்படிண்ணே இருக்கு?” என்று குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஏழாவது அத்தியாயம் இழுவை. அந்தக் கடுதாசி எழுதுத எடம் இருக்குல்லா, அதுல கை நடுங்கிச்சுன்னு நாலு பக்கமா எழுதணும்? ஒரு வரி போதும்.”

அப்படியானால் அதேதான். கடிதாசி இருக்கிறது, கை நடுங்கினது இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. ஊர் முழுக்க எல்லாருடைய கையிலும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது, இன்னும் சுற்றாத இடம் ரீத்தாவின் வீடு ஒன்றுதான். ரீத்தா வாரப் பத்திரிகை தவிர எதையும் தொடாதவள், தொடர்கதையில்கூட படம் இருந்தால்தான் நிற்பாள், அந்த ஒரு நல்ல குணத்தை நம்பி அமலி ஆகஸ்ட்டையும் செப்டம்பரையும் ஓட்டினாள். நாலு மணிக்கு ரீத்தா வருகிற நேரமாகப் பார்த்து அந்த அலமாரிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். ‘என்னட்டி, எல்லாரும் ஒரு புத்தகம் புத்தகம்ங்கிறாளுவ?’ என்று ரீத்தா கேட்டாளானால் சொல்வதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து, கண்ணாடி முன் நின்று சொல்லியும் பார்த்தாள். ரீத்தா கேட்கவே இல்லை. கேட்காதது நிம்மதியாக இருந்தது, பிறகு அதுவே உறுத்தலாகவும் இருந்தது.

அக்டோபரில் அமலிக்கு இருந்த தைரியமெல்லாம் வடிந்துபோயிற்று. அந்த எண்ணுக்கு எதிரே ‘ஆய்வாளர்களுக்கு மட்டும்’ என்று எழுதி, அலமாரித் தட்டுக்குக் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினாள். மறுநாள் காலை நூலகம் திறக்குமுன்பே வாசலில் நாற்பது பேர். ஊரில் தண்ணீர் வராதபோதுகூட இத்தனை பேர் சேர்ந்து வந்ததில்லை. முன்வரிசையில் ஜெசிந்தா, கையில் மனு, அதில் அறுபத்து மூன்று கையெழுத்து. அமலி அந்தப் பெயர்களை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடினாள், ரீத்தாவின் பெயர் இல்லை, அந்த மட்டும் மூச்சு வந்தது.

“எனக்கு முன்னால இனி மூணே பேருதான் இருந்தாவ. ரெண்டு மாசமாக் காத்துக் கெடக்கேன், ரெண்டாந்தடவ படிக்கணும்னு,” என்றாள் ஜெசிந்தா. “ஆய்வாளர்னா யாரு? எங்கள விட நல்லா ஆய்வு செய்யுதவன் எவன் இருக்கான்?”

“பிள்ளைகள் கையில் கிடைக்குது…” என்று அமலி இழுத்தாள்.

“கெடைக்கட்டும்,” என்றார் சந்தியாகு வாத்தியார். “நான் ஒன்பதாம் வகுப்புக்கு வாசிச்சே காட்டிட்டேன். ஒரு பய மூச்சு விடல.”

அமலி கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்த்த கையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போல இருந்தது, ஆனால் கூட்டத்துக்குப் பதிந்து கொடுக்க வேண்டியிருந்தது.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு புதன்கிழமை, கடலில் புயல் சின்னம் என்று படகுகளெல்லாம் கரையேறிக் கிடந்த நாளில், மழைக்கு ஒருவரும் வராத நூலகத்துக்கு நாலு மணிக்கு ரீத்தம்மாள் வந்தாள். ஒரு கையில் டீ ஃபிளாஸ்க், குடையைக் கக்கத்தில் மடக்கி வைத்திருந்தாள், இன்னொரு கை விரல்கள் வளைந்து, மார்போடு ஒன்றுமில்லாததை அணைத்துக்கொண்டிருந்தது. அந்த வளைந்த கையைப் பார்த்ததும் அமலி எழுந்து நின்றாள், பிறகு உட்கார்ந்தாள்.

ரீத்தா நேரே அலமாரிக்குப் போனாள். புத்தகங்களை விரலால் விலக்கி, கொண்டுவந்ததைச் செருகினாள், இடைவெளி தன் இடத்தில் வந்து நின்றது. பிறகு மேஜைக்கு வந்து ஃபிளாஸ்க்கைத் திறந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினாள்.

“கஸ்பார் அண்ணன் கார்டுல வரவு வச்சுக்க. நாந்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன். இது மூணாவது தடவ.”

அமலி கஸ்பார் அண்ணனின் கார்டை எடுத்து வரவு வைத்தாள்.

“மொதத் தடவ ஆகஸ்ட்டுல படிச்சேன்,” என்றாள் ரீத்தா. “பதினோரு நாளு இங்கன வரல, ஒனக்கு ஞாபகம் இருக்கா? காய்ச்சல்னு சொல்லியனுப்பினேன்லா. காய்ச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒம் மூஞ்சியப் பாத்தா கையில இருக்க கத்திரியத் தூக்கி எறிஞ்சிருவேன்னு இருந்துச்சு. நீ என்ன செஞ்ச? தினமும் தூக்குல கஞ்சியும் கருவாட்டுத் தொவையலும் குடுத்து விட்ட. அந்தக் கஞ்சியக் குடிச்சுக்கிட்டே ஒன்ன ஏசினேன். குடிச்சு முடிச்சுட்டு, தெம்பா, இன்னும் கொஞ்சம் ஏசினேன்.”

“ரீத்தா…”

“நான் பேசிக்கிடுதேன், இரு. பன்னெண்டாம் நாளு தூக்கத் தெறந்தா தொவையலக் காணோம். வெறுங்கஞ்சி. என்னட்டி இது, ஆள ஏமாத்துதாளேன்னு கேக்கக் கெளம்பி வந்தேன். தெருவுல பாதி வந்த பெறகுதான், நாம கோவமால்ல இருக்கோம்னு நெனப்பு வந்துச்சு. அதுக்குள்ள வந்தாச்சு. நீ நாற்காலியத் தூக்கிட்டு அலமாரிக்கு முன்னால ஓடுத. சிரிப்பு வந்துட்டு எனக்கு.”

அமலி அழுதாள். இருபத்து மூன்று வருஷமாக இந்த ஒரு நாளை எத்தனையோ விதமாக மனதில் நடத்திப் பார்த்திருந்தாள், அதில் எந்த விதத்திலும் ரீத்தா டீ ஊற்றவில்லை. ‘மன்னிச்சிரு’ என்ற சொல்லை எத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தாள், அது இப்போது மூக்குச் சளியோடும் விக்கலோடும் சேர்ந்து என்னவோ போல வெளியே வந்தது.

“ஆகட்டும், ஆகட்டும்,” என்றாள் ரீத்தா. “கோவம் போயிட்டான்னு கேக்காத. போகல. கொஞ்சம் கெடக்கு. அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நாலு மணி டீயும் இத்தன வருஷமாக் கெடக்குல்லா. ரெண்டையும் வச்சுப் பாத்தேன், டீய விட முடியல.”

“ஊரு… எல்லாரும் படிச்சிருக்காங்களே ரீத்தா. எல்லாருக்கும் தெரியுமே, நாந்தான்னு.”

“அலைவாணன்னு பேரப் போட்டா தெரியாதாக்கும்? கதையில வாரவ மாதிரி நூலகத்துல உக்காந்து ஜன்னல் வழியா வெளக்குக் கம்பத்த எண்ணுதது இந்த ஊர்ல வேற யாரு? எல்லாருக்கும் தெரியும், ஜூலையிலேயே தெரியும். எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாத்தாவ. இவ என்ன செய்யப் போறாளோன்னு. நான் பன்னெண்டாம் நாளு ஃபிளாஸ்க்கத் தூக்கிட்டு இங்க வந்தேன், சரி, அவ்வளவுதான்னு அவவ பொழப்பப் பாக்கப் போயிட்டாவ. ஒன்கிட்ட ஒருத்தராவது மொகத்தத் திருப்பினாவளா?”

அமலி நினைத்துப் பார்த்தாள். ஒருவரும் திருப்பவில்லை. ஜெசிந்தா மாத்திரைக்குச் சில்லறை பாக்கி பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் சொன்னாள், கஸ்பார் அண்ணன் வஞ்சிர மீன் தலையை வழக்கம்போலத் தனியே எடுத்து வைத்தார், சாமியார் பூசை முடிந்து வெளியே வருகையில் எப்போதும் போலத் தலையசைத்தார். நாலு மாதமாக அவள் எதற்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தாளோ அது ஜூலையிலேயே நடந்து முடிந்து, ஊர் அதைச் சோற்றோடு பிசைந்து தின்று செரித்துவிட்டிருந்தது, அவளுக்குத்தான் சேதி வரவில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று, எத்தனையோ காலமாகக் கட்டி வைத்திருந்த மூட்டை, அவிழ்ந்து இறங்கிற்று. அவள் டீயைக் குடித்தாள், சர்க்கரை கூடுதலாக இருந்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

“ஆனா ஒண்ணு,” என்றாள் ரீத்தா, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. “புத்தகத்துல தப்பு இருக்கு. கல்யாணம் நின்ன அன்னைக்கு நான் கெணத்தடியில உக்காந்து ராவும் பகலும் அழுதேன்னு எழுதியிருக்க. யாரு அழுதா? நீ வந்து பாத்தியா?”

“நான்… அப்படி நெனச்சேன்.”

“நெனச்சிருப்ப. எங்கம்மாதான் அழுதாவ. நான் மாடியில கதவச் சாத்திக்கிட்டு, கல்யாணத்துக்கு எடுத்த பட்டு இருந்துச்சுல்லா, அதக் கத்திரியால நாலாக் கிழிச்சேன். கோவத்துலதான் கிழிச்சேன். கிழிச்ச பெறகு பாத்தா அளவா இருந்துச்சு, சரின்னு அத நாலு சட்டையாக் கையாலயே தச்சேன். அதுதான் நான் மொதமொதத் தச்ச துணி. அத எடுத்துட்டுப் போய் வித்துட்டு வந்து மெஷினுக்கு முன்பணம் கெட்டினேன். அந்தப் பயல நான் ஒரு மாசத்துல மறந்துட்டேன், மெஷின மறக்க முடியுமா? நூத்து எண்பத்து நாலு பக்கம் எழுதியிருக்க, அதுல எம் மெஷினப் பத்தி ஒரு வரி இல்ல. முழுக்க ஒன் கை நடுங்கினதுதான் இருக்கு.”

தினமும் எதிரே உட்கார்ந்து டீ குடித்தவளிடம் அந்த நாளைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அமலிக்கு உறைத்தது. கேட்டால் எங்கே பேச்சு கடிதாசியில் போய் நிற்குமோ என்று பயந்து, சிநேகிதியின் வாழ்க்கையைத் தானே கற்பனை செய்து, அதற்காகத் தானே அழுதும் முடித்திருந்தாள்.

“திருத்தி எழுது,” என்றாள் ரீத்தா. “ஒம் பேரப் போடு. பேரில்லாம எழுதினது அந்த ஒரு கடுதாசியோட போதும்.”

அமலி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, மேஜை இழுப்பறையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். தலைப்பு, மூன்றாம் ஓலை. எழுதியவர் என்ற இடத்தில் அமலோற்பவம் என்று தெளிவாக எழுதினாள். எத்தனையாவது பதிப்பு என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது, பிறகு ‘இரண்டாம் பதிப்பு, திருத்தியது’ என்று எழுதிவிட்டு, பதிப்பகத்தாரிடம் சொல்லாமல் படிவம் போடுவது முறையில்லை என்பதால் நமச்சிவாய அண்ணாச்சிக்குப் போன் செய்தாள்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “புத்தகம் போடுதது சந்தோசம்மா. ஆனா ரெண்டாம் பதிப்புன்னு எப்படிப் போட? மொதப் பதிப்பே நாம போடலியே?”

“அத ஊரே படிச்சிட்டு அண்ணாச்சி,” என்றாள் அமலி. சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் அதோடேயே வந்தது. “அதுல தப்பு இருக்காம். திருத்தினதுதான் வேணுமாம்.”

அண்ணாச்சி புத்தகம் விற்கிற மனிதர், இதைவிட விசித்திரமான காரணங்களுக்கெல்லாம் இரண்டாம் பதிப்பு போட்டவர். “சரிம்மா, போட்டுருவோம். உத்தேசமாப் பக்கம் எத்தனன்னு மட்டும் சொல்லு, பேப்பருக்குச் சொல்லணும்.”

அமலி போனைக் கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். ரீத்தா ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை இரண்டு டம்ளருக்கும் சரிபாதியாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“பக்கம் எத்தன போடட்டும்?”

“கூட்டியே போடு,” என்றாள் ரீத்தா. “இந்தத் தடவ நானும் சொல்லுவேன்லா.”